பின்னறையில் எழுந்த அலை

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னறையில் என் நாத்தனாரால் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. நெஞ்சை யாரோ அழுத்துகிறார்களாம், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிறதாம். அவள் நர்ஸ், லேசில் பயப்படுகிறவள் இல்லை. சர்ச்சிலிருந்து போதகர் ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அதன் பிறகும் பீரோ கண்ணாடி தானாக நடுங்கியது. சத்தம் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

நான் காலேஜ் இயற்பியல் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். காதுக்கு எட்டாமல் உடம்பை மட்டும் அதிரவைத்துப் பயமூட்டும் தாழ்ந்த ஒலியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. காலி ஊறுகாய் பாட்டிலின் மூடியில் ஊசித் துளை போட்டு, காற்றழுத்தம் அளக்கும் மலிவான சென்சார் ஒன்றைப் பொருத்தி, பழைய லேப்டாப்பில் இணைத்தேன். வெளிக்காற்று ஏமாற்றாமலிருக்க ஸ்பாஞ்ச் சுற்றினேன்.

பின்னறையில் வைத்ததும் திரையில் அலை எழுந்தது. நொடிக்குப் பன்னிரண்டு அதிர்வு; காதுக்குக் கேட்க இருபதாவது வேண்டும். மதியம் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஆனால் கோடு மெல்லப் படுத்துவிட்டது. ஏதோ மெஷின்தான் என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவளுக்கு நிம்மதி. எனக்கு இல்லை, ஏனென்றால் அடுத்து வந்த நாட்களில் அலை பெரிதாகிக்கொண்டே போனது.

பாட்டிலையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். வீட்டுப் பின்பக்கத்துத் தோல் ஃபேக்டரியில் தோல் காயவைக்கும் ஷெட்டின் சுவரோரம்தான் அலை ஜாஸ்தி. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் திரையைக் காட்டினேன்.

"இன்னா மேடம், ஃபேன் சத்தமே இல்லாம ஓடுது" என்றார். ஆனாலும் ஏணி போட்டு ஏறி, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார். இறங்கி வந்து மெயினை அணைத்தார். கீழே வேலை செய்த பெண்களை வெளியே போகச் சொன்னார்.

ஃபேனைத் தாங்கிய நான்கு போல்ட்டில் மூன்று அறுந்திருந்தன.

வாசலில் நின்ற பெண்கள் என்ன விஷயமென்று என்னைக் கேட்டார்கள். நான் மேலே ஃபேனைக் கை காட்டினேன். மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இதே ஃபேன் இன்னும் ரெண்டு ஷெட்ல ஓடுது. அதையும் பாக்குறீங்களா?"

அடுத்த ஷெட்டில் பாட்டிலை வைத்தேன். ஃபேனுக்கு நேர் கீழே ஆட்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். திரையில் கோடு எழத் தொடங்கியதும், அது எவ்வளவு தூரம் போகிறதென்று பார்க்க நான் காத்திருக்கவில்லை.

"எல்லாரும் எழுந்து வெளிய வாங்க" என்றேன்.