முன்னுக்கு வந்திருந்து கதையுங்கோ

என்னுடைய இடமாற்றத்தை அறிவித்தபோது நான் சிரித்துத் தலையாட்டினேன்.

அது எங்கள் அலுவலகத்தின் மாதாந்த ஸ்டாஃப் மீட்டிங். தலைக்கு மேலே இரண்டு ஃபேன் கடகடத்தன. யன்னலுக்கு வெளியே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு யாரோ தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். எங்கள் மேலதிகாரி ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறவர். என்னவோ சொன்னார், எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும், என்னோடு வேலை செய்த ரஜனி கையைப் பிடித்தாள்.

"என்னக்கா, ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டீங்கள்? உங்களை ஃபீல்டிலை இருந்து எடுத்து ரெக்கோட் ரூமிலை போடப்போகினமாம்."

"ஆர் சொன்னது?"

"ஐயாதான். இப்ப, உங்களுக்கு முன்னாலை."

எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். மேசையும் ஃபேனும் உள்ள எந்த அலுவலகத்திலும் இது நடந்திருக்கலாம். நான் தீவுப் பகுதியில் கிராம அலுவலராக இருந்தேன். ஊரில் எங்களை ஜீ.எஸ் என்பார்கள். போன வருடம் ஓய்வுபெற்றேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்காவது என்னைப் போலக் காது போகும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின் போட்டால் கேட்குமாம்

எனக்குக் காது ஒரேயடியாகப் போகவில்லை. ஒருவர் முன்னால் இருந்து பேசினால் இன்றைக்கும் விளங்கும். நாலு பேர் சேர்ந்தால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பரிசோதித்து ஹியரிங் எயிட் போட்டுக்கொண்டேன். அமைதியான அறையில் அது தெய்வம். மீட்டிங்கில் அது கதிரை இழுபடுகிற சத்தம், இருமல், ஃபேன், கடதாசி கசங்குவது எல்லாவற்றையும் வஞ்சகமில்லாமல் பெருப்பித்துத் தரும். அந்த இரைச்சலுக்குள் பேச்சை நாங்கள்தான் பொறுக்கி எடுக்கவேண்டும்.

இது படித்தவர்களுக்கு விளங்காது. "மெஷின் போட்டும் கேக்கேல்லையோ?" என்று எங்கள் கணக்காளர் ஒருநாள் கேட்டார். தடித்த கண்ணாடி போட்ட மனிதர். "கண்ணாடி போட்ட உங்களுக்குச் சுவருக்கு அங்காலை தெரியுதோ?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. நட்டம் ஒன்றும் இல்லை.

கத்துகிறவர்கள் இன்னொரு சாதி. செவிக்குக் கிட்டக் குனிந்து கத்துவார்கள். சத்தம் வரும், சொல் வராது. அவர்களையும் மன்னிக்கலாம். என்னை இருக்க வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவரிடம், "அக்கா தேத்தண்ணி குடிப்பாவோ?" என்று கேட்கிறார்களே, அவர்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. காதில் குறை இருந்தால் தேத்தண்ணி குடிக்கிற வாயிலும் குறை என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ.

ஒருவருக்கும் வேண்டாத மீட்டிங்

மறுநாள் மேலதிகாரியிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு நேரே இருந்தேன்.

"ட்ரான்ஸ்பர் எண்டு நினையாதையுங்கோ. ஒரு ரெஸ்ட் எண்டு நினையுங்கோ," என்றார், கை வாயில்.

"ஐயா, கையை எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ."

எடுத்தார். அதன் பிறகு அவருக்குப் பேச்சு அவ்வளவு இலகுவாக வரவில்லை. "சனத்தோடை கதைக்கிற வேலை இது. உங்களாலை இனி ஏலாது எண்டு எல்லாரும் சொல்லினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

மேசையில் கிடந்த ஒரு கோப்பைத் திறந்தார். அந்த 'எல்லாரும்' எப்போதும் அப்படித்தான். பெயர் கேட்டால் காணாமல் போய்விடுவார்கள்.

அந்த நேரம் இறுப்பிட்டிக் கிராமத்துப் பக்கம் ஒரு கூட்டம் நிலுவையில் இருந்தது. குடிதண்ணீர்த் தாங்கி ஒன்று வந்திருந்தது. தண்ணீர்ப் பவுசர் லொறி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும், சனம் குழாயில் பிடிக்கும். அதை எங்கே வைப்பது என்பதில் ஊர் இரண்டாகி நின்றது. பெருவீதியோரத்திலா, கடற்கரைக்குப் போகிற சிறு ஒழுங்கையின் முடிவிலா? முதல் கூட்டம் அடிபிடியில் முடிந்ததால் மற்ற உத்தியோகத்தர்கள் எல்லோருக்கும் அந்த வாரம் காய்ச்சல்.

"அந்த மீட்டிங்கை நான் நடத்துறன். குழம்பினால் நானே ரெக்கோட் ரூமுக்குப் போறன்," என்றேன்.

அவர் உடனே ஒத்துக்கொண்டார். குழம்பும் என்ற நம்பிக்கை அவருக்கு நிறைய இருந்தது.

ஒரு கதிரை

முதல் கூட்டம் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். செல்வம் அண்ணை என்று ஒருவர். கனடாவிலிருந்து வந்து வீதிக்கரையில் பெரிய வீடு கட்டி, வருடத்தில் பாதி நாள் இங்கேதான் நிற்பார். கூட்டத்தில் இருக்கமாட்டார். வாசல் நிலையில் சாய்ந்து நின்று அரைகுறையாக ஒன்று சொல்லுவார். அதைச் சுற்றி நிற்கிற நாலு பேர் எடுத்துக் கத்துவார்கள். கத்தியதுதான் ஊரின் கருத்து என்று மினிட்ஸில் ஏறும்.

என்னுடைய கூட்டத்துக்கு நான் நேரத்தோடு போனேன். சனசமூக நிலையத்தில் ஃபேனை நிறுத்தினேன். மைக்கை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கதிரைகளை வட்டமாகப் போட்டு, எனக்கு முன்னால் ஒரு கதிரையை மட்டும் வெறுமையாக விட்டேன்.

சனம் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன்: "எனக்குக் காது குறைவு. எல்லாரும் ஒண்டாய்க் கதைச்சால் ஒரு சொல்லும் விளங்காது. விளங்காததை நான் எழுதமாட்டன். கதைக்கிற ஆள் முன்னுக்கு வந்திருந்து கதையுங்கோ."

"இதென்ன, இன்ரவியூவோ?" என்று ஒருவர் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். சிரிப்பது தெரிந்தது. சிரித்து முடியும்வரை பேனையை மூடி வைத்துக்கொண்டு இருந்தேன். இதுவும் குழம்பினால் எனக்கு இனிப் பழைய கோப்புகளோடுதான் வாழ்க்கை.

வழக்கமாகக் கத்துகிற நாலு பேரில் ஒருவர் முதலில் வந்து இருந்தார். வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வீதியிலை வைச்சால் நல்லம்" என்றார். ஏன் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டார்.

பிறகு பிலோமினா வந்தாள். கடற்கரைப் பக்கம், புருஷன் கடல்தொழிலுக்குப் போகிறவர். எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். ஒருநாளும் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"மாமி படுத்த படுக்கை," என்றாள். "ரண்டு தண்ணிக் கானைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வீதியிலை நிக்கிற பவுசருக்குப் போயிட்டு வரும் மட்டும் அவவைப் பாக்க ஆளில்லை. போன கிழமை நான் வரேக்கை கட்டிலாலை விழுந்து கிடந்தவ. எங்கடை ஒழுங்கையிலை இப்பிடி இன்னும் வீடுகள் இருக்கு."

"முதல் கூட்டத்திலை ஏன் சொல்லேல்லை?"

"எனக்குக் கத்தத் தெரியாது, அக்கா."

பவுசர் ஒழுங்கைக்குள் போகாது என்று ஒரு கதை ஊரில் உலாவியது. அந்தப் பவுசர் சாரதியும் வந்திருந்தார். அவரையும் கூப்பிட்டு இருத்தினேன். வேலியோரத்து வடலிப்பனை ஓலைகளை வெட்டிவிட்டால் போகும், ரிவேர்ஸில் வரலாம் என்றார். இதை அவரிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம்.

கடைசியில் வாசலைப் பார்த்து, "செல்வம் அண்ணை, வாங்கோ," என்றேன்.

அவர் அங்கிருந்தே ஏதோ சொன்னார்.

"அங்கையிருந்து சொன்னால் எனக்குக் கேக்காது."

வந்தார். பிலோமினா ஒரு முழத் தூரத்தில் இருந்தாள். அவர் ஊரில் சொல்லித் திரிந்தது எனக்குத் தெரியும். ஒழுங்கைச் சனத்திடம் கொடுத்தால் குழாயைக் கழற்றி விற்றுப்போடுவார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் அது. வாசலில் நின்று சொல்ல நல்ல வசதியான கதை. இப்போது அதை அந்தச் சனத்தின் முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். அவர் நிலத்தைப் பார்த்து வாயை அசைத்தார்.

"நிலத்தைப் பாத்துக் கதைச்சால் எனக்கு விளங்காது. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ, அண்ணை."

நிமிர்ந்தார்.

"எனக்கு ரண்டும் ஒண்டுதான்," என்றார். "சனத்தின்ரை விருப்பம்."

எழுதிக்கொண்டேன். தாங்கி ஒழுங்கை முடிவில் நிற்கிறது. குழாயை இன்றுவரை ஒருவரும் கழற்றவில்லை.

பிறகு

ரெக்கோட் ரூம் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பட்டணத்திலிருந்து பெரியவர்கள் வந்தபோது, தங்கள் அலுவலகத்தில் கூட்டம் நடத்த ஒரு புது முறை கண்டுபிடித்திருப்பதாக மேலதிகாரி விளக்கினார் என்று ரஜனி சொன்னாள். அதைச் சொல்லும்போதும் கை வாயில்தான் இருந்ததாம்.

ஸ்டாஃப் மீட்டிங் பழையபடியே நடந்தது. நான்தான் மாறினேன். கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மேலதிகாரிக்கு எதிரே போட்டு இருந்தேன். விளங்காத இடத்தில் நிறுத்தித் திருப்பிக் கேட்டேன். சிலர் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு எனக்குக் கேட்காது. அது ஒரு வசதி.

ஒருவரின் பிரியாவிடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகிடி விட்டவன் புதிதாக வந்த உத்தியோகத்தன். "என்ன சொன்னனீர்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அக்கா, சும்மா ஒரு பகிடி."

"அப்ப சும்மா இன்னொருக்காச் சொல்லும்."

அவன் சுற்றிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தை எனக்கு நேரே வைத்துச் சொன்னான். இரண்டாம் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு மோசமான பகிடி. நானும் சிரிக்கவில்லை. "சரி, விளங்கீட்டுது," என்று சொல்லிவிட்டுக் கேக் எடுத்துச் சாப்பிட்டேன்.

காது குறைந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.