பதினொரு நாள் மிச்சமிருந்த வழக்கு

நஸ்லினுக்கு ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்க வராது. கட்சிக்காரர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி ஜன்னலடிக்குப் போவாள், திரும்பி வருவாள், பேனையைத் தேடுவாள். கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். பெயர்ப்பலகையில் ‘சட்டத்தரணி’ என்பதற்குக் கீழே ‘கப்பல், கடல் விபத்து வழக்குகள்’ என்றொரு வரி இருக்கும். கொழும்பில் கப்பல் வழக்குகள் மட்டும் பார்க்கும் நிறுவனமொன்றில் ஏழு வருடம் வேலை செய்தவள், வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

“கல்முனைக்கு எப்ப கப்பல் வாற, நஸ்லின்?” என்று மற்றச் சட்டத்தரணிகள் பகிடி பண்ணுவார்கள். அவளிடம் வந்ததெல்லாம் காணிப் பிரச்சினையும் தாபரிப்புப் பண வழக்கும்தான்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, பாண்டிருப்பிலிருந்து பூபாலசிங்கம் வந்தார். ஓய்வு பெற்ற தபாலதிபர். அவருடைய மனைவி தங்கேஸ்வரி கைத்தாங்கியை ஊன்றி, படிப்படியாக நின்று நின்று ஏறி வந்தார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் யசோதினி இருவரையும் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் கூட்டிப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் காலை, லிஃப்ட் வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் தங்கேஸ்வரி வழுக்கி விழுந்தார். முழங்கால் சிரட்டை நொறுங்கிப் போனது.

நஸ்லின் டிக்கட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தாள். வழக்குப் போடுவதென்றால் ஒரு வருடத்துக்குள், சிங்கப்பூர் நீதிமன்றத்தில். அவள் கலண்டரைப் பார்த்தாள். பதினொரு நாள் மிச்சம்.

“ஐயா, இவ்வளவு நாளும் என்ன செஞ்சீங்க?”

“மகள் எழுதினவள், மிஸ். யோசிக்கிறம், யோசிக்கிறம் எண்டு கொம்பனி பதில் போட்டுக்கொண்டே இருந்தது.”

அதைவிட மோசமான கடதாசி ஒன்றும் கோப்பில் இருந்தது. ‘என் கவனக்குறைவால் விழுந்தேன்’ என்ற ஆங்கில வாசகத்தின் கீழே தங்கேஸ்வரியின் கையெழுத்து.

“நோவில கிடக்கக்குள்ள நீட்டினவங்க. மருந்து தாறத்துக்கு எண்டு நினைச்சன், மகள்” என்றார் அவர்.

“பாத்த ஆக்கள் ஆரும் இருந்தாங்களா?”

இருந்தார். கல்முனைக்குடி றாஸிக், அந்தக் கப்பலில் துப்புரவு வேலை செய்கிறவர். இவர்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டு முதல் நாளே வந்து ஊர்க்கதை கதைத்திருக்கிறார். விழுந்தபோது தூக்கியதும் அவர்தான். “மூணு நாளா மேல இருந்து ஒழுகுது, நான் சொல்லியும் திருத்துறாங்க இல்ல” என்று அவர் புலம்பியதைத் தங்கேஸ்வரி தன் காதாலேயே கேட்டார்.

அன்று பின்னேரமே நஸ்லின் கல்முனைக்குடிக்குப் போனாள். றாஸிக் கடலில் இருந்தார். வீட்டில் அவருடைய மனைவி றுஸ்தா தேத்தண்ணி தந்தாள். விசயத்தைக் கேட்டதும் அவளுடைய முகம் மாறிவிட்டது.

“அல்லாவுக்காக விட்டிருங்க, மிஸ். அவர் வாயத் துறந்தா அடுத்த கொன்ட்ராக்ட் இல்ல. அந்தம்மாட கால் போனதுக்கு எங்கட கையையும் முறிக்கப் போறீங்களா?”

நஸ்லின் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினாள்.

கேட்காமலே றாஸிக்கின் பெயரைச் சாட்சியாகப் போடவும் முடியும். ஒருமுறை வழக்குப் பத்திரத்தில் ஏறினால் அவரால் விலகிக்கொள்வது லேசில்லை. நஸ்லின் கணினியில் அந்தப் பெயரைத் தட்டினாள், அழித்தாள், திரும்பத் தட்டினாள். வாப்பாவுக்கு மருந்து கொடுத்தோமா என்று உம்மாவிடம் இரண்டு தரம் கேட்டாள். ஏழு நாள் மிச்சமிருந்தபோது பூபாலசிங்கம் போன் எடுத்தார்.

“அவர்ர பேரைப் போட்டாக் காணும்தானே, மிஸ்? வேற என்ன யோசினை?”

பின்னாலிருந்து தங்கேஸ்வரியின் குரல் கேட்டது. போனை வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. “வேணாம், மகள். அந்தத் தம்பிட பிழைப்பைக் கெடுத்து எனக்கொரு காலும் வேணாம்.”

அதற்குப் பிறகு நஸ்லின் யசோதினியிடம் கப்பலில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கேட்டாள். நானூறுக்கு மேல் வந்தன. சாப்பாட்டு மேசை, கடல், பேரப்பிள்ளைகள், திரும்பவும் கடல். நின்றுகொண்டே பார்த்தாள். முந்நூறு தாண்டியிருக்கும், தங்கேஸ்வரி புதுச் சேலையோடு லிஃப்ட் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. அவருக்குப் பின்னால், கூரையில் ஈரம் படிந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு மஞ்சள் வாளி. படம் எடுத்தது விழுவதற்கு முதல் நாள்.

“அம்மா, விழுந்த அண்டைக்கு இந்த வாளி இருந்ததா?”

“இல்ல மகள். அண்டைக்கு அந்த இடத்தில பூச்சாடி வச்சிருந்தாங்க.”

ஒழுக்கு கொம்பனிக்குத் தெரியும் என்பதற்கு அந்த வாளியே போதும். கொழும்புக் காலத்துப் பழக்கத்தில் சிங்கப்பூர்ச் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, சத்தியக்கடதாசி முடித்து எல்லாவற்றையும் அனுப்பினாள். இரண்டு நாள் மிச்சமிருக்க வழக்குப் பதிவாகிவிட்டதென்று செய்தி வந்தது. அப்போது அவள் ஒரு காணி வழக்குக்காக நீதிமன்ற விறாந்தையில் நின்றாள்.

எட்டு மாதம் இழுத்தடித்துக் கொம்பனி சமாதானத்துக்கு வந்தது. தங்கேஸ்வரிக்குக் கொழும்பில் முழங்கால் மாற்றினார்கள். சாட்சி ஒருவர் இருந்திருந்தால் இதைவிட இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம் என்று சிங்கப்பூர்ச் சட்டத்தரணி ஒளிக்காமல் சொன்னார். பூபாலசிங்கம் அந்தக் கணக்கை இன்னும் மறக்கவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்த றாஸிக், ஒருநாள் அலுவலகத்துப் படியேறினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸலாம் சொல்லிவிட்டு நின்றபடியே கேட்டார்.

“அந்தம்மாட கேசுக்கு என்னய ஏன் கூப்பிடல்ல, மிஸ்?”

“வீட்ட வந்தனே. றுஸ்தா சொல்லல்லயா?”

“இல்ல. கேஸ் நடந்ததே இப்பதான் ஊரில கேள்விப்பட்டன். கேட்டிருந்தா சொல்லியிருப்பன். தூக்கினது நான்தானே.”

“வேலை போயிருக்கும்.”

“போயிருக்கும்தான். அத யோசிக்க வேண்டியவன் நான், மிஸ்.”

“றுஸ்தாவில கோவிக்காதீங்க” என்று மட்டும் நஸ்லின் சொன்னாள். அவர் கோபமில்லை என்றார். தங்கேஸ்வரியின் பாண்டிருப்பு வீடு எந்தப் பக்கம் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு இறங்கினார்.

றுஸ்தா மறுத்த அன்று, றாஸிக்கின் நம்பரைத் தேடி எடுப்பது ஒரு பெரிய வேலையாக இருந்திருக்காது. அவள் தேடவில்லை. அவரைக் காப்பாற்றத்தான் விட்டாளா, அவர் ஓமென்று சொல்லிவிட்டால் அந்தப் பாரம் தன் தலையில் விழுமோ என்று பயந்துதான் விட்டாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை.