மாப்பைச் சட்டையில் பதினான்கு பழங்கள்

நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே கை வியர்க்கும். கடிதங்களைத் தவிர வேறெதுவும் எழுதியதும் இல்லை. என்றாலும் இந்த ஒன்றைச் சொல்லாமலே வைத்திருப்பது சரியில்லை என்று படுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, புரட்டாதி மாதம் முடிகிற நேரம். சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையின் பின்னறையில் பாலர் பாடசாலை நடந்தது. அங்கே நான்தான் ரீச்சர். வயது இருபத்திரண்டு. பிள்ளைகள் பதினான்கு பேர். மின்சாரமும் பெற்றோலும் இல்லாத காலம். ஒழுங்கையில் சைக்கிள் போகிற சத்தமும், தோட்டத்தில் யாரோ தண்ணீர் கட்டுகிற சத்தமும்தான் கேட்கும். இப்போது நினைத்தால் அந்தக் காலைநேரங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தவைபோல் மெதுவாக அசைகின்றன.

அந்தப் பள்ளித் தவணையில் பழங்களின் பெயர்களை இங்கிலீசில் சொல்லிக்கொடுத்தேன். மாம்பழமும் வாழைப்பழமும் பப்பாப்பழமும் கையில் எடுத்துக் காட்டலாம். அப்பிளுக்கு மட்டும் சுவரில் ஒட்டியிருந்த பழைய கலண்டர் படம்தான். சண்டையால் கொழும்புப் பாதை மூடியிருந்தபடியால் அப்பிள் வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. என் பிள்ளைகளில் ஒருவருக்கும் அதைத் தின்ற ஞாபகம் இல்லை. கடலில் திமிங்கிலம் இருக்கிறது என்பதை நம்புவதுபோல், அப்பிள் என்றொன்று இருக்கிறது என்பதையும் அவர்கள் நம்பினார்கள்.

அந்தப் படத்தடியில் தினமும் வந்து நிற்பாள் ஒரு சிறுமி. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பம். தகப்பன் கடலோரத்திலேயே நின்றுவிட, தாயும் மகளும் எங்கள் ஊரில் ஒரு வெங்காயக் கொட்டிலில் இருந்தார்கள். தாய் தோட்டங்களில் களை பிடுங்கப் போவாள். சிறுமி நல்ல கறுப்பு. பெரிய கண். அதிகம் கதைக்கமாட்டாள். படத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டாள்:

"ரீச்சர், உதுக்கு உள்ளுக்கு என்ன நிறம்?"

"வெள்ளை."

"ருசி?"

நான் கடைசியாகத் தின்றது பதின்மூன்று வயதில். கொய்யாக்காயும் வெள்ளரிப்பிஞ்சும் சேர்ந்த மாதிரி என்றேன். அவள் கண்ணை மூடி, வாயை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

பெற்றோர் தினத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழமாக வந்து, இங்கிலீசில் இரண்டு வசனம் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தோம். ஐ ஆம் எ மாங்கோ, ஐ ஆம் யெல்லோ. அவ்வளவுதான். எந்தப் பிள்ளை எந்தப் பழம் என்று பிரித்தபோது, அப்பிள் என்று நான் வாய் திறந்ததும் அந்தச் சிறுமியின் கை உயர்ந்தது. ஒரு நாளும் கை உயர்த்தாத பிள்ளை. நான் அவளைப் பார்த்தேன். பிறகு, அப்பிள் குடுத்தாச்சு, நீங்கள் பனம்பழம் என்றேன்.

அது பொய். அப்பிளை அதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. வாசிகசாலைச் செயலாளரின் மகள் வெள்ளையாக, கொழுகொழு என்று இருப்பாள். அவளுக்கு வாழைப்பழமாக வரத்தான் ஆசை. ஆனாலும் அவளை அப்பிள் ஆக்கினேன். பனை எங்கள் மரம், அது இல்லாமல் ஒரு பழ வரிசையா என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

நிவாரண மா வந்த வெள்ளைத் துணிப்பைகளைச் சட்டையாகத் தைத்தோம். சாயத்துக்கு எங்கே போவது? பீற்றூட் அவித்த தண்ணீரில் சிவப்பு, மஞ்சளில் மஞ்சள், அகத்தியிலையில் ஏதோ ஒரு பச்சை. பனம்பழச் சட்டைக்குச் சிறுமியின் தாய் விளக்குக் கரியைச் சேர்த்துவைத்துக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தாள். பனம்பழத்தின் தலையில் இருக்கிற மூடிபோல மட்டையில் வெட்டி ஒரு தொப்பியும் செய்திருந்தாள். அவ்வளவு வடிவான வேலை வேறொருவரும் செய்யவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை காலை. பிள்ளைகளின் முகத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தோம். மாம்பழத்துக்கு மஞ்சள், அப்பிளின் கன்னத்துக்குப் பீற்றூட். செயலாளரின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்கு உதவிக்கு நின்றார். வாய் ஓயாத மனுசி, எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பார். சிறுமியின் முறை வந்தது. நான் கரி குழைத்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்தேன்.

"உவளுக்கு ஏன் பிள்ளை கரியை வீணாக்கிறாய்?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதைத்தான் எழுத வந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பகுதியாரும் என் நிறத்தைச் சொல்லித்தான் திரும்பிப் போயிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்? தெரிந்தும் சிரித்தேன். சிறுமி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, தானும் சிரிக்கவேண்டும்போல என்று நினைத்துச் சிரித்தாள். வாசலில் நின்ற தாய் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு பதினான்கு பழங்களும் வரிசையாக முன் மண்டபத்துக்கு நடந்தன. முற்றத்து வெயில் வேப்பமரத்தால் வடிந்து அவர்கள்மேல் புள்ளிபுள்ளியாக விழுந்தது. யாரும் சத்தம் போடவில்லை. யாருடைய கனவையோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. தாய் தகப்பன்மார் வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். நான் முன்னுக்கு நின்று வரவேற்று நாலு வார்த்தை கதைக்கவேண்டும். முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டது.

வாசிகசாலைக்குப் பக்கத்தில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டிருந்தது. பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி உள்ளே விட்டோம். தாய்மாரும் இறங்கினார்கள். ஆம்பிளைகள் வெளியே மதிலோரம் விழுந்து படுத்தார்கள். பங்கரின் வளைவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. ஈர மண் மணம். அதோடு மஞ்சளும் பீற்றூட்டும் அகத்தியிலையும் கலந்த மணம். ஒரு பக்கம் மரியே வாழ்க என்று சிறுமியின் தாய் முணுமுணுத்தாள். மறுபக்கம் பிள்ளையாரப்பா என்றார் அக்கா. முதல் குண்டு எங்கோ கிழக்கே விழுந்தது. மேலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று இன்றும் தெரியாது. என்னை ஒருவரும் பார்க்க முடியாத இருட்டு என்பதால்தானோ என்னவோ. சத்தமாகச் சொன்னேன், விழா இப்போது இங்கேதான் தொடங்கப்போகிறது, ரீச்சர் ஹூ ஆர் யூ என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு பழமும் தன்னைச் சொல்லவேண்டும் என்று.

"ஹூ ஆர் யூ?"

முதலில் ஒரு மூக்குறிஞ்சல். "ஐ ஆம் எ மாங்கோ. ஐ ஆம் யெல்லோ."

இருட்டில் நாங்கள் கைதட்டினோம். அடுத்தது வாழைப்பழம். அடுத்தது முந்திரிகைப்பழம். இரண்டாவது குண்டு விழுந்தபோது பப்பாப்பழம் பாதி வசனத்தில் நின்று, பிறகு மிச்சத்தைச் சொல்லி முடித்தது. அழுகை குறைந்துகொண்டு வந்தது. செயலாளரின் மகள், ஐ ஆம் அன் அப்பிள், ஐ ஆம் றெட் என்றாள். கைதட்டல்.

"ஹூ ஆர் யூ?" என்று மறுபடி கேட்டேன்.

மூலையிலிருந்து, அவசரமில்லாத, தெளிவான ஒரு குரல் வந்தது.

"ஐ ஆம் அன் அப்பிள். ஐ ஆம் றெட்."

யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கைதட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தாயின் முணுமுணுப்பும் நின்றுபோனது. அவளுடைய பனம்பழ வசனம் அவளுக்கு நல்ல மனப்பாடம். பயத்தில் மறந்துபோய்ச் சொன்னதல்ல. ஒருவருடைய நிறமும் தெரியாத இருட்டில் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அம்மா, நான்தானே அப்பிள்" என்று செயலாளரின் மகள் சிணுங்கினாள்.

"சும்மா இரு பிள்ளை" என்றார் அக்கா. அவருடைய குரல் வழமைபோல் இல்லை. "ஒரு மரத்திலை ஒரேயொரு அப்பிளே காய்க்கிறது?"

பிறகு அவர்தான் முதலில் கைதட்டினார். நானும் தட்டினேன். வெரி குட் அப்பிள் என்று நான் சொன்னது அந்தக் கைதட்டலில் யாருக்கும் கேட்டதோ தெரியாது. பக்கத்தில் ஒரு சின்னக் கை என் சேலையைப் பிடித்தது. யாருடைய கை என்று தெரியவில்லை. நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே வந்தோம். எங்கள் ஊருக்கு ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் கண் கூசியது. கரியும் மஞ்சளும் பீற்றூட்டும் ஒருவரிலிருந்து ஒருவருக்கு அப்பி, எந்தப் பிள்ளை எந்தப் பழம் என்றே பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது. என் சேலையிலும் அக்காவின் கன்னத்திலும் கரி. விழாவைத் தொடர யாருக்கும் மனமில்லை, அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

சிறுமியின் தாயிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் தொப்பி நல்ல வடிவு என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"நீங்கள் சிரிச்சதுதான் ரீச்சர் எனக்குத் தாங்க ஏலாமல் போச்சுது" என்றாள். "அந்த அக்கா சிரிச்சது பரவாயில்லை."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்து போனாள். சிறுமி தாயின் தோளுக்கு மேலால் எனக்குக் கை காட்டிக்கொண்டே போனாள்.

அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டேன். ஒரு பிள்ளை கை உயர்த்தும்போது என் கண் முதலில் அதன் முகத்துக்குப் போனால், உடனே அந்தக் கைக்குத் திருப்பிவிடுவேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதை நான் நினைத்துச் செய்யவேண்டித்தான் இருக்கிறது.

அந்த விழாவுக்கு மறுநாள் சனிக்கிழமை. விடியவே மழை தொடங்கிவிட்டது, நாள் முழுக்கப் பெய்தது. முற்றத்தில் சிந்திக்கிடந்த கரியும் மஞ்சளும் பீற்றூட்டும் அதோடு கரைந்து போயின.