பக்தவச்சலம் காட்டிய கிரகணம்

என் வீட்டுக்காரர் பக்தவச்சலம் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு ஃபோர்மேன். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே தான்தான் வாத்தியார் என்று நினைப்பு. பூனை குறுக்கே போயிற்று என்று யாராவது தயங்கி நின்றால் போதும், பிடித்து வைத்துப் பாடம் எடுப்பார். எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போட்டதே ராகுகாலத்தில்தான். கொத்தனார் எவ்வளவோ கெஞ்சினார், கேட்டால்தானே. அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெல்டிங் முகமூடியில் போடும் கண்ணாடிகளில் இருப்பதிலேயே கெட்டிக் கறுப்பாக ஒன்றைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். தெருவையே எங்கள் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்.

பின்போர்ஷனில் குடியிருந்தவள் செல்லம்மா, மார்க்கெட்டில் கீரை விற்பவள். அவள் மருமகள் குணவதிக்கு ஏழாம் மாசம். தீபாவளிக்கு வந்திருந்த எங்கள் மகள் பூங்கோதைக்கும் ஏழாம் மாசம்.

"புள்ளத்தாச்சியப் போயி கிரகணத்துல நிக்க வெக்கறதா? கொழந்தைக்கு எதுனா ஊனமாயிடும் சார்," என்றாள் செல்லம்மா.

"அது வெறும் நிழல் செல்லம்மா. என் பொண்ணும்தான் வரப்போறா. அவ பக்கத்துலயே உன் மருமகள நிறுத்து. அப்புறம் என்ன பயம்?"

"உங்க பொண்ணே வருதுன்னா சரி சார்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஒத்துக்கொண்டாள்.

கிரகணத்தன்று காலையில் பூங்கோதை தலைவாரிப் பூ வைத்து, மாடிக்குப் போகத் தயாராக நின்றாள். இவர் அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய், "நீ படும்மா, உங்க மாமியாருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்," என்றார். ஜன்னலுக்குப் போர்வை கட்டினார். கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொடக்கூடாது என்பார்களே, அதற்காக அரிவாள்மணையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டார்.

"என்னங்க இதெல்லாம்?"

"தலைப்பிள்ளையாச்சே, காந்திமதி. சும்மா ஒரு சேஃப்டிக்கு."

"அப்ப அந்தப் பொண்ணு?"

கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார். செல்லம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கண்ணாடி குணவதி கைக்குப் போயிருந்தது.

"பூங்கோதை அக்கா எங்க சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அவளுக்கு ராத்திரியிலேர்ந்து ஜுரம்மா. நீ பாரு, ஒண்ணும் ஆகாது."

எப்படித்தான் வாய் கூசாமல் சொன்னாரோ. குணவதி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "கடிச்ச அப்பளம் மாதிரி கீது," என்று சிரித்தாள். வெயில் சோகை பிடித்ததுபோல மங்கிக்கொண்டே வந்தது.

ஜுரம் என்று காதில் விழுந்தபிறகு செல்லம்மா சும்மா நிற்பாளா? நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். நான் தடுக்கவில்லை. எதற்குத் தடுக்க வேண்டும்?

திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை. மருமகள் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"உங்க பொண்ணுக்கு ஜுரம் இல்ல சார். ஜன்னல்ல போர்வ கட்டி உள்ள குந்தவெச்சிக்கீறீங்க. உங்க பொண்ணு வயித்துல கீறது புள்ள. எங்க பொண்ணு வயித்துல கீறது இன்னா சார்?"

முந்தானையால் குணவதியின் வயிற்றை மூடி, கைபிடித்து மெதுவாகக் கீழே இறக்கிப் போனாள். மாடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அதற்குப்பிறகு அவர் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. செல்லம்மா மார்க்கெட்டுக்குப் போனபிறகுதான் வாசல் பக்கமே வருவார். ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால், "குணவதி செக்கப்புக்குப் போனாளாமா? டாக்டர் என்ன சொன்னாராம்?" என்று கேட்பார். வெறும் நிழல்தானே, எதற்கு இந்த விசாரணை என்று எரிச்சலாக வரும். அந்த முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

மார்கழிக் கடைசியில் குணவதிக்கு ஆண்குழந்தை பிறந்தது. வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை செல்லம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இவர் குனிந்து, முகத்தை மூடியிருந்த துணியை ஒரு விரலால் விலக்கி, அதன் மேலுதட்டைப் பார்த்தார். கிரகணம் பட்டால் உதடு பிளந்து பிறக்கும் என்று ஊரில் சொல்வதுண்டு.

செல்லம்மா கவனித்துவிட்டாள். குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க சார். ஒதடு, வெரலு எல்லாம் சரியா கீது. நீங்க சொன்னதுதான் நெசம், அது வெறும் நெழல்தான்."

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தில் நின்ற நானும்தான்.