கோளாறு மூலத்தில்

என் அக்கா தண்ணீர் மோட்டார் கம்பெனியில் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறாள். அவள் எழுதுவது ஒரே மூலக் கோப்பு. பொத்தானை அமுக்கினால் அதிலிருந்தே அச்சுப் புத்தகம், இணையப் பக்கம், கைபேசிக்கான வடிவம் மூன்றும் வந்துவிடும். அதனால் தப்பைத் திருத்துவதென்றால் மூலத்தில்தான் திருத்த வேண்டும்.

அது மட்டும் அவளுடைய மேலாளர் மண்டையில் ஏறுவதில்லை. அச்சுப் பிரதியில் மட்டும் ஒயரின் நிறத்தை மாற்றிவிட்டு, இவளிடம் வாயே திறக்க மாட்டார். அடுத்த தடவை பழைய நிறமே வந்ததும், "நான் மாத்தினதை ஏம்மா கெடுத்த?" என்று இவள் மேல் பாய்வார்.

நேற்று வீட்டிலிருந்து போனில் அக்கா அவரிடம் பொரிந்து தள்ளினாள். "சார், மேல்பூச்சு வேலையெல்லாம் எதுக்கும் உதவாது. கோளாறு மூலத்துல இருக்கு. அதைச் சரி பண்ணாம எத்தனை தடவை அமுக்கினாலும் இதேதான் வரும்."

பக்கத்து அறையிலிருந்த மாமியார் காதில் இது விழுந்தது.

சாயங்காலம் அக்காவின் கணவர் நடுவில் ஓட்டை வைத்த, உட்காரும் மெத்தையோடு வந்தார். நாத்தனார் போன் செய்து, "காரத்தை அடியோட நிறுத்துங்க அண்ணி" என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு இருவருக்கும் விளக்கினாள். மாமியார் மேலிருந்த கோபத்தில் அவரிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை கணவரின் சித்தப்பா கூப்பிட்டார். "கூச்சப்படாதம்மா. எனக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார்."

அக்கா போனை வைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"நானும் மூலத்துல திருத்தாம விட்டுட்டேன்டா."