மட்டையைக் கீழே போடச் சொன்னவர்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. நந்தனம் மைதானத்தில் எல்லோரும் அவரைக் கோச் என்றே கூப்பிட்டார்கள். வெயிலில் வெளுத்த தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு, காலையிலேயே கட்டிப்போன தொண்டை. சர்வதேசச் சிறுவர் பேஸ்பால் போட்டிக்கான மண்டலத் தகுதிச் சுற்று அது. பந்தை அடித்தவன் ஓடிப்போய்க் கால் வைக்க வேண்டிய முதல் பேஸ் அருகே நின்றுகொண்டு, பந்தை அடித்த ஒவ்வொரு பையனிடமும் அவர் ஒன்றையே கத்திக்கொண்டிருந்தார்: "பேட்டக் கீழ போட்டுட்டு ஓடுடா!"

எல்லாம் தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பையன்கள். மட்டையைக் கீழே விட அவர்களுக்கு மனம் வராது. கடைசி ஆட்டத்தில், ஜெயித்தே ஆக வேண்டிய நேரத்தில், என் மகன் மட்டையோடு ஓடினான். பேஸில் கால் வைக்க வேண்டியவன், கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையை நீட்டித் தொட்டான். கால் போய்ச் சேர்வதற்குள் பந்து வந்துவிட்டது. அவுட். அதோடு எங்கள் அணியும் வெளியே.

"நாள் பூரா கத்துனீங்களே சார், இவன் கேக்கலையே" என்றேன் எரிச்சலோடு.

"உடு சார். காது கேட்டுக்கினுதான் கீது. கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

கோச்சோடு நாங்கள் அண்ணா சாலைக்கு வந்தபோது அவர் ஏற வேண்டிய பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. தோளில் பையும் கையில் மட்டையுமாக ஓடினார். எட்டவில்லை. கடைசி நொடியில் குனிந்து, மட்டையைப் படிக்கட்டை நோக்கி நீட்டினார்.

பேருந்து போய்விட்டது.

"அப்பா, கோச்சும் அவுட்டு" என்றான் என் மகன். அவன் சிரிக்கவில்லை.

அவர் கையிலிருந்த மட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல அதை நடைபாதையில் போட்டார்.