சுத்தமான பெட்ரோல்

கல்வராயன் மலையில் மரம் எடுத்த கான்ட்ராக்டர் ஒருவர் தூக்கிப் போட்ட மரம் அறுக்கும் மிஷினை, என் வீட்டுக்காரர் சமையல்கட்டு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் அப்போது நிறைமாதம். பெட்ரோல் வாடையில் அடுப்படியில் நிற்க முடியவில்லை. பிள்ளையின் தலை மேலே திரும்பியிருக்கிறது, வலி எடுத்தால் உடனே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கு அந்த நினைப்பு, இவருக்கு மிஷின் நினைப்பு.

"இன்னாங்க, புள்ள பொறக்கப்போற வூடா இது, மெக்கானிக் ஷெட்டா?" என்று கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். மொபெட் பிளக்கை மாட்டினார். அறுந்த ஸ்டார்ட்டர் கயிற்றுக்குப் பதில் கட்டில் நைலான் கயிறு. சங்கிலிக்கு எண்ணெய் போகும் வழி அடைத்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றும் டியூப் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழும்படி செய்தார். மிஷின் முதல் தடவை உறுமியபோது வயிற்றில் பிள்ளை உதைத்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த வருஷம் அது. புளியமரங்களைச் சாய்த்து ரோட்டை மறிக்க, எங்கள் ஊர் ஆட்கள் மிஷினைக் கேட்டு வந்தார்கள்.

"குடுக்காதீங்க, நமக்கு ரோடு வேணும்" என்றேன்.

"நம்ம புள்ள நாளைக்குப் படிக்கத்தான இதெல்லாம்?" என்றார்.

அதுவும் பொய்யில்லை. எங்கள் சனத்தில் யார் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்? மிஷினைக் கொடுத்தனுப்பினோம்.

மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திருப்பித் தந்தார்கள். மறுநாள் விடியும்போது வலி எடுத்தது. வழியில் கிடக்கும் மரங்களை அறுக்க, மாட்டு வண்டியில் என்னோடு மிஷினையும் ஏற்றினார் என் வீட்டுக்காரர். ரோட்டில் சாய்ந்து கிடந்த முதல் மரத்தருகே காவலுக்கு இருந்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். "அறுண்ணே, அண்ணி போவட்டும்" என்றார்கள். பாதி மரம் அறுபட்டிருக்கும். கிறீச்சென்று கத்திவிட்டு மிஷின் நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர், "ஆயில் கலக்காத பெட்ரோல எவன்டா ஊத்துனது?" என்று அலறினார்.

"நாந்தாண்ணே" என்றார் ஒரு ஆள். "உள்ள இருந்தது கலங்கலா இருந்துச்சி. கலப்படம்னு கீழ ஊத்திட்டேன். சுத்தமானதா ரொப்பிக் குடுக்கணும்னு..."

பெட்ரோலில் ஆயில் கலந்தால்தான் அந்த மிஷின் ஓடும், இல்லாவிட்டால் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

யார் வீட்டுக் கட்டிலையோ கொண்டுவந்து, என்னைப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாங்கள் சாய்த்த மரங்களின் மேலேயே ஏறி இறங்கினார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "திட்டு அண்ணி, நல்லா திட்டு, கண்ண மட்டும் மூடிக்காத" என்று சொல்லிக்கொண்டே ஓடினார் அந்த ஆள்.

அவர்கள் கேட்ட இட ஒதுக்கீடு நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். என் கோபமும் நியாயம்தான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன்.

நான் பிழைத்தேன். பிள்ளை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் ஒருவரும் சாப்பிடப் போகாமல் நின்றிருந்தார்கள். "இன்னா புள்ளைண்ணே?" என்று அந்த ஆள் கேட்டது, உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"ஆம்பளப் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். மீதியை அவர் சொல்வதற்குள், வெளியே எல்லோரும் சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள்.